மெஜஸ்டிக்கின் வெள்ளை முகப்பு

இன்று காலை பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடையொன்றில் பசியாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பெண் கோலாலம்பூர் மெஜஸ்டிக் ஹோட்டலில் எடுத்த படங்களைத் தன் தாத்தாவுக்குக் காட்டினாள்.

பேத்தியின் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் தெரிந்த வெள்ளை முகப்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார் அவர்.

"இது படம் மாட்டி வெச்சிருந்த இடமாச்சேம்மா?"

அவர் சொன்னது சரிதான். 1932இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், 1983 இறுதியில் மூடப்பட்டு, 1984 முதல் 1998 வரை தேசியக் கலைக்கூடமாக இயங்கியது. சீரமைக்கப்பட்டு 2012இல் மீண்டும் ஹோட்டலானது.

2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையம் வரும்வரை, பேராக்கிலிருந்து ரயிலேறிய தோட்டத்து மக்கள் 1910ஆம் ஆண்டின் பழைய நிலையத்தில்தான் இறங்கினார்கள். வெளியே வந்தால் எதிரே மெஜஸ்டிக் நிற்கும்.

துரைமார் தங்கும் இடம் என்று எட்ட நின்றே பார்த்துப் பழகியவர்களின் பிள்ளைகளும், கலைக்கூடமாக இருந்த அந்த ஆண்டுகளில், அறை வாடகையைப் பற்றிய கவலையின்றி உள்ளே நுழைந்து ஓவியங்களின் முன் நிற்க முடிந்தது. (ஓவியம் புரிந்ததா என்பது வேறு கதை.)

ஓர் அரசு நிறுவனம் அங்கே குடியேறியதுகூட, கட்டடம் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான நம் தோட்டத்து லயங்களுக்கு அப்படி எவரும் குடிவரவில்லை.

இப்போதைய சீரமைப்பு 1930களின் மெருகைத்தான் முன்னிறுத்துகிறது. கலைக்கூடக் காலத்துக்கும் அந்தச் சுவர்களில் தாராளமாக இடம் தரலாம்.