குட்டியானை போய்த் திரும்பும் தூரம்

பரமக்குடிக் கடையை மூடிய அன்று மிச்சச் சரக்கை நானும் என் மச்சினனும்தான் வண்டியில் ஏற்றினோம். ஜக்கு மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தது. குடம் ஒன்றுகூட இல்லை. மாசி முடியப் போகிறது, வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, வீட்டுக்கு வீடு புதுக் குடம் தேடுகிற நேரம். அதே நாளில் எங்கள் திருமங்கலம் குடோனில் அறுபது பிளாஸ்டிக் குடங்கள் கயிற்றில் கோத்தபடி உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"மச்சான், நான் போன வாரமே கேட்டேன்ல?" என்றான்.

கேட்டான்தான். ஒரு சரம் குடத்துக்காக அவ்வளவு தூரம் வண்டி விட்டால் டீசல் காசுகூடத் தேறாது என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

அப்பா சைக்கிளில் பிளாஸ்டிக் சாமான் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போனவர். 1996ல் திருமங்கலத்தில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை பிடித்தார். பாத்திரம், பிளாஸ்டிக், அப்புறம் நைட்டி, உள்ளாடை, பிள்ளைகள் துணி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பேரம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே விலை, ஆனால் குறைந்த விலை. மற்ற கடைக்காரர்கள் அட்டையில் அடக்க விலையை எழுத்துக் குறியில் எழுதி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு விலை சொன்ன காலத்தில் அவர் அப்படித் துணிந்தது எனக்கு இன்றைக்கும் பெருமை. 2013ல் உசிலம்பட்டியில் இரண்டாவது கடை திறந்தோம். நன்றாகப் போனது. அந்தத் தைரியத்தில் 2016 ஆவணியில் பரமக்குடி. பஜார் பெரிது, வாடகை பாதி. மதுரையைத் தாண்டியும் 75 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதை நாங்கள் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு மாதத்தில் மூடினோம்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான், பெரிய தள்ளுபடிக் கடைகள் எப்படி வளர்ந்தன என்று தேடித் தேடிப் படித்தேன். வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. 1945ல் ஆர்கன்சா மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சிற்றூரில் கடை ஆரம்பிக்கிறார். ஐந்து வருடத்தில் அந்த வட்டாரமே பேசும்படி வியாபாரம் ஏறுகிறது. குத்தகை முடிந்ததும் கட்டடக்காரர் புதுப்பித்துத் தர மறுத்துவிட்டார். ஓடுகிற கடையைத் தன் மகனுக்கு எடுத்துக்கொண்டார். வால்டன் 1950ல் சுமார் 3,000 பேர் மட்டுமே வசித்த பென்டன்வில் என்ற ஊருக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். அதைப் படித்த இரவு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

அவர் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. 80 சென்டுக்கு வாங்கிய பொருளை 1.20 டாலருக்கு விற்றால் 40 சென்ட் லாபம். அதையே ஒரு டாலருக்குக் கொடுத்தால் 20 சென்ட்தான், ஆனால் மூன்று மடங்கு விற்கிறது. நான் இதை உசிலம்பட்டியில் நைட்டியில் செய்து பார்த்தேன். ஈரோடு ஜவுளிச் சந்தையில் வாங்கி வந்து அடக்கம் 140 ரூபாய் விழும் நைட்டி. 210க்கு மாதம் நாற்பது போகும். 175 ஆக்கினேன். முதல் பதினைந்து நாளிலேயே ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் கம்பியில் வெறும் ஹேங்கர். கட்டப்பட்டியோ எங்கோ இருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மா, "175னு சொன்னாகளே தம்பி, ஒண்ணு கூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டு, பஸ் காசு வீணாகப் போன முகத்தோடு படி இறங்கினார். நைட்டி பண்டல் வந்துதான் இருந்தது. திருமங்கலத்தில், பிரிக்காமல்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் இவ்வளவு நாளும் விலையைக் கல்லாவில் உட்கார்ந்து குறைத்துக்கொண்டிருந்தேன். வால்டன் அதைக் குடோனிலும் லாரியிலும் குறைத்திருக்கிறார்.

முதல் வால்மார்ட் 1962ல் ரோஜர்ஸ் என்ற ஊரில் திறந்தது. அதே வருடம்தான் கேமார்ட், டார்கெட் என்ற வேறு இரண்டு தள்ளுபடிக் கடைகளும் தொடங்கின. கேமார்ட் கையில் பணமும் பெரிய நகரங்களும் இருந்தன. வால்டனிடம் இருந்தவை பெரிய கடைக்காரர்கள் வேண்டாம் என்று விட்ட சிறிய ஊர்கள். அந்த ஊர்களுக்கு மொத்த வியாபாரிகள் சரக்கு அனுப்ப விரும்பவில்லை. அதனால் சொந்தக் குடோன், சொந்த லாரி. குடோனிலிருந்து லாரி ஒரு நாளில் எட்டும் தூரத்துக்குள்தான் கடைகள். அந்த வட்டம் நிரம்பிய பிறகே அடுத்த வட்டம். சிறு விமானத்தில் தாழப் பறந்து, ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது, சாலைகள் எங்கே சேர்கின்றன என்று பார்த்து இடம் பிடித்திருக்கிறார். ஆனாலும் முதல் ஆறு வருடம் ஆர்கன்சாவை விட்டு வெளியே போகவில்லை. 1968ல்தான் பக்கத்து மாநிலங்களான மிசௌரிக்கும் ஓக்லஹாமாவுக்கும் போனார். 1990ல் வால்மார்ட் அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வியாபார நிறுவனமானது. கேமார்ட் 2002 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து மேப்பைக் காட்டினேன். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர், எழுமலை, உசிலம்பட்டி, செக்கானூரணி, திரும்பத் திருமங்கலம். ஒரு வட்டம். குட்டியானை என்கிற எங்கள் சின்னச் சரக்கு வண்டி காலையில் கிளம்பினால் நின்று நின்று இறக்கிவிட்டுச் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடும். அப்பா மேப்பைப் பார்க்கவில்லை. "இது நான் சைக்கிள் மிதிச்ச ரோடுடா" என்றார்.

இப்போது செக்கானூரணியிலும் பேரையூரிலும் கடை இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வண்டி சுற்றுகிறது. முந்தின நாள் இரவு ஒவ்வொரு கடையிலிருந்தும் விற்ற கணக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். திருப்பூரிலிருந்து பார்சல் லாரியில் வரும் பனியன், ஜட்டிப் பெட்டிகளை நாங்கள் இப்போது குடோன் அலமாரியில் அடுக்குவதே இல்லை. திண்ணையில் பிரித்து, கடைக்கொரு சாக்கில் போட்டு, உசிலம்பட்டிக்குப் பச்சை டேப், பேரையூருக்குச் சிவப்பு, செக்கானூரணிக்கு மஞ்சள் என்று ஒட்டி, அங்கிருந்தே வண்டியில் ஏற்றிவிடுகிறோம். கடைசியில் இறங்க வேண்டிய மஞ்சள் முதலில் உள்ளே போகும். பேரையூர்ச் சிவப்பு கதவை ஒட்டி. வரிசை மாறினால் நடுரோட்டில் மொத்தத்தையும் இறக்கி ஏற்ற வேண்டும், டிரைவர் அண்ணன் திட்டுவதில் நியாயம் உண்டு. வால்மார்ட்டின் பெரிய குடோன்களிலும் பாதிக்கு மேல் வேலை இப்படித்தானாம்: ஒரு வாசலில் வந்து இறங்கும் சரக்கு, அலமாரிக்கே போகாமல் எதிர் வாசலில் நிற்கும் லாரிக்குப் போய்விடும். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுகிற கூலி மிச்சம். அந்த மிச்சம்தான் விலையில் குறைகிறது.

நம் நாட்டில் டிமார்ட் என்ற தள்ளுபடிக் கடைகளைப் பாருங்கள். ராதாகிஷன் தமானி 2002ல் மும்பை பவாயில் முதல் கடை திறந்தார். 2017 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, பதினைந்து வருடத்தில், 131 கடைகள்தான். பெரும்பாலும் சொந்தக் கட்டடம், அதனால் வாடகை ஏற்றம் பற்றிய பயமில்லை. சரக்கு கொடுத்தவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்துவிடுவார்கள், அதற்கு விலையில் சலுகை வாங்கிக்கொள்வார்கள். சொந்தக் கட்டடம் எங்களுக்கு எட்டாது. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் நாங்கள் துணி வாங்கும் கடையில் முன்பு அறுபது நாள் கடன். இப்போது ஒரு வாரத்தில் பணம், பில்லில் மூன்று சதவீதம் குறைவு. சரக்கு வேகமாகச் சுற்றினால்தான் இது முடியும். தூங்குகிற சரக்கை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் பணம் கொடுக்க ஆரம்பித்தால் கை கடிக்கும். செய்ய நினைக்கிறவர்கள் முதலில் குடோனைக் காலி செய்யுங்கள்.

போன மாதம் மச்சினன் தேனியில் ஒரு இடம் சொன்னான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், அட்வான்ஸ் குறைவு. இரண்டு நாள் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அவனே போன் செய்தான்: "மச்சான், வண்டி போயிட்டு அன்னைக்கே நாலு கடையும் முடிச்சுத் திரும்புமா?"

திரும்பாது. எழுமலையில் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். வண்டி வாரத்துக்கு இரண்டு முறை அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஆவணியில் திறக்கிறோம். சாக்குக்கு நீல டேப் வாங்கியாகிவிட்டது.