ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம்

சாலைப் புகை நுரையீரலை என்ன செய்யும் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது, 2007-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வைத்தான். லேசான அல்லது மிதமான ஆஸ்துமா உள்ள 60 பேரை, டீசல் பேருந்துகளும் டாக்சிகளும் மட்டுமே ஓடிய ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு நாளும், அதன் மேற்கு முனையை ஒட்டியுள்ள ஹைட் பூங்காவில் வேறொரு நாளும் இரண்டு மணி நேரம் நடக்கவைத்து, ஆய்வாளர்கள் அவர்களின் மூச்சை அளந்தார்கள். மூச்சை முழுதாக இழுத்து வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு, தெருவில் நடந்த நாளில் 6.1 சதவீதம் வரை குறைந்தது. பூங்காவிலும் குறைந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சளியில் அழற்சியின் அறிகுறியும் கூடியிருந்தது.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொன்று: நடந்தவர்களுக்கு இருமலோ இழுப்போ குறிப்பிடும்படி வரவில்லை. அதாவது, நெஞ்சு இலேசாக இருக்கிறது என்பதை வைத்து அன்றைய காற்றுக்கு நற்சான்று வழங்க முடியாது (நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம்). மிதமான ஆஸ்துமா உள்ளவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது; அது மிகநுண் துகள்களோடும் கரித்துகளோடும்தான் பெரிதும் தொடர்புபட்டிருந்தது.