முதலில் கழற்ற வேண்டியது பற்றரி வயர்

மாங்குளம் – முல்லைத்தீவு றோட்டில் கிரவல் ஏற்றுகிற டிப்பருக்கு மக்காட் தாங்கியோ பின்கதவுக் கொளுக்கியோ எப்பவும் ஒன்று விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கராஜில் காத்துக் கிடக்க ஏலாமல்தான் வெல்டிங் பழக வெளிக்கிட்டேன். ஆர்க், அதாவது குச்சி நுனியில் எரிகிற கரண்ட் பொறி, பிடிக்கப் பழகினது இரண்டே நாளில். 3 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. 6013 ரக வெல்டிங் குச்சி, 70–80 அம்பியர், அவ்வளவுதான். இழுத்தடித்தது மற்றதெல்லாம்.

கராஜில் வடிவாக ஓடின மெசின் வீட்டுக் கொட்டிலில் குச்சியை ஒட்டிக்கொண்டே நின்றது. மெசின் பழுது என்று கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் செருகினார், எரிந்தது. ஒரு நாளும் டீசலும் வீண். குற்றம் மெசினுக்குக் கரண்ட் இழுத்த வயரில். 1 சதுர மி.மீ. வயர் 30 மீற்றர் இழுத்து, லைனில் இருந்து மெசின் 20 அம்பியர் எடுத்தால் 20 வோல்ற்றுக்கு மேல் வயரிலேயே செத்துப்போகும். லைன் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு வருகிறதே குறைவு. 2.5 சதுர மி.மீ.க்குக் கீழே வேண்டாம், தூரம் கூடினால் 4 போடுங்கோ. சுருட்டிவைத்தபடி ஓட்டினால் வயர் உருகும், முழுக்க விரித்துவிட வேணும். மாரியில் இன்னொரு தொல்லை: குச்சி ஈரம் இழுத்துவிடும், ஒட்டு பொத்தல் பொத்தலாக வரும். மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் போதும்.

வாகனத்தில் கை வைக்க முதல் பற்றரி நெகடிவ்வைக் கழற்றுங்கோ. புது வண்டியென்றால் ஓல்ற்றனேற்றர் வயரையும் கொம்பியூட்டர் பெட்டியின் பிளக்கையும் கழற்ற வேணும். மெசினின் ஏர்த் கிளிப்பை, ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ற் சுரண்டின இரும்பில் மாட்டுங்கோ. சில்லு றிம்மில் மாட்டுவது லேசு என்று எல்லாருக்கும் கை அங்கேதான் போகும், எனக்கும் போனது. வண்டியின் பொடியில் (மேற்கூட்டில்) ஒட்ட ஒட்ட கரண்ட் சில்லுப் பேரிங் வழியாகப் பாய்ந்து உள்ளே உருளைகளில் புள்ளி போடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு சில்லு உறுமும்போது பேரிங் கொம்பனியைத் திட்டுவோம்.

விட்ட ஸ்பிரிங் பிளேட்டை ஒட்டிப் பார்க்காதேங்கோ. அது காபன் கூடின, பதமாக்கின இரும்பு. சூடு பட்ட ஓரம் கண்ணாடி மாதிரியாகி, ஒட்டுக்குப் பக்கத்தில் திரும்ப விடும். மாற்றத்தான் வேணும். பிளேட்டுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் அறுந்தால், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் இளகிக் கிடந்ததா என்று முதல் பாருங்கோ, பெரும்பாலும் காரணம் அதுதான். பழைய போல்ட்டைக் கையில் எடுக்காமல் வவுனியாவுக்குப் போனால், என்னைப் போல தலை பெருத்த போல்ட்டோடு திரும்பி வருவீங்கள். பிளேட்டின் இருக்கையில் அது இறங்காது. பூட்டின பிறகு யூ போல்ட்டை மாறி மாறிக் குறுக்காக இறுக்கி, சுமையோடு ஓடின பிறகு திரும்ப ஒருக்கா இறுக்க வேணும்.

சசி, அதாவது லொறியின் அடிச்சட்டம், வெடித்தால் அதற்கு மேலால் பூசிவிடுவது வேலையில்லை. வெடிப்பு முடிகிற இடத்தில் 5–6 மி.மீ. ஓட்டை துளைத்தால்தான் அது அங்கே நிற்கும். பிறகு கிறைண்டரால் வீ வடிவில் வெட்டி, அடிவரை நிரப்ப வேணும். பலத்துக்கு மேலே வைக்கிற தகட்டின் முனையை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கோ. நேராக வெட்டினால் அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டிலேயே வரும். சசியின் மேல், கீழ் மடிப்புகளில் குறுக்கே ஒட்டு ஓடக்கூடாது. பதமாக்கின சசி என்றால் தெரிந்த ஆளிடம் விடுங்கோ, அதில் வீம்பு வேண்டாம்.

டீசல் தாங்கி வெறுமையென்றாலும் ஒட்டாதேங்கோ, உள்ளே நிற்கிற ஆவி போதும். ரயர் கழற்றாத றிம்மும் அப்படித்தான், காற்று இறக்கியிருந்தாலும் வெடிக்கும். கறல் பிடிக்காமல் நாகம் (சிங்க்) பூசின தகட்டை ஒட்டினால் அந்த வெள்ளைப் புகை இரவில் காய்ச்சல் தரும். பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்று வருகிற பக்கம் நின்று ஒட்டுங்கோ. கண்ணில் வெளிச்சம் பட்டால் உடனே வலிக்காது. ஆறேழு மணித்தியாலம் கழித்து மண் கொட்டின மாதிரி இருக்கும். கசக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அடுத்த நாள் லொறி எடுக்காதேங்கோ.

இவ்வளவும் பழகின பிறகு, வேலை அனுபவத்தை வைத்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுக்கப் போனால், கராஜ்காரர் தந்த அனுபவக் கடிதத்தில் திகதி இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். திகதி போட்டுக் கொண்டுபோனால் முத்திரை இல்லையாம். இரண்டையும் முதல் நாளே சொல்ல அந்த மேசைக்கு வாய் வரவில்லை. எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, என்னென்ன வேலை என்று கராஜ்காரரிடம் எழுதி வாங்குங்கோ. செய்த ஒட்டுகளைப் படமெடுத்து வையுங்கோ. எங்கட பக்கத்துக் கராஜில் முத்திரையே இருக்கவில்லை. அதையும் நானே வெட்டுவித்துக் குடுத்தேன்.