துண்டை வீசுங்க பாக்கலாம்

சுகர் 212 வந்த அன்னைக்கே வீட்டுக்காரம்மா சட்டம் போட்டுட்டாங்க: தினமும் சாயங்காலம் நாமக்கல் கோட்டை ஏறி இறங்கணும். ஊருக்கு நட்டநடுவுல 200 அடிக்கு மேல ஒரே பாறை, அதுலயே வெட்டின படி. காசில்லாத ஜிம்.

நாலு நாள் ஒழுங்கா ஏறினேன். அஞ்சாம் நாள் அடிவாரத்துலயே போண்டா வாசனை மடக்கிருச்சு. கூரைகூட இல்லாம வெயில்ல நிக்கற நம்ம 18 அடி ஆஞ்சநேயருக்கு மாலை மாலையா வடை சாத்தறாங்க. அவருக்கு யாராவது சுகர் டெஸ்ட் எடுத்தாங்களா?

ரெண்டாவது போண்டாவுல போன் வந்துச்சு.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"மேல, கோட்டைக்குள்ள. காத்து பிச்சுக்கிட்டு போகுது."

"நானும் மொட்டை மாடியிலதான் நிக்கறேன். துண்டை வீசுங்க பாக்கலாம்."

போண்டாக் கடை பெஞ்சுல உக்காந்தபடியே வீசினேன். பொய் சொன்னாலும் அதுல ஒரு நேர்மை வேணுமில்லீங்களா?

"தெரியலீங்களே!"

"மூட்டமா இருக்குது புள்ள." அது சித்திரை மாசம்.

அந்நேரம் பாத்து கடைக்காரர், "ஏனுங்ணா, சட்னி இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்ளா?"

போன் கட்டாயிருச்சு. ராத்திரி கேப்பக்களியும் கீரையும். பேச்சு கிடையாது.

மறுநாள் நெசமாவே ஏறினேன். பகல் பூரா வெந்த பாறை, செருப்பையும் தாண்டி உள்ளங்காலைச் சுட்டுச்சு. பாதியில உக்காந்து மூச்சு வாங்கறப்ப ஒரு பாட்டி, "பாத்து வா சாமி"ன்னு சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. மேல போய் மதிலோரமா நின்னா, கீழ கமலாலயக் குளம், வரிசையா ஊர்ந்துக்கிட்டு இருக்கற லாரிக, கிழக்கால கொல்லிமலை. போனைப் போட்டேன்.

"வந்துட்டேன். இப்ப பாரு!"

துண்டைத் தலைக்கு மேல சுத்தினேன். பக்கத்துல செல்பி எடுத்துக்கிட்டு இருந்த காலேஜ் பசங்க நகந்து நின்னுக்கிட்டாங்க.

"ம்ம், தெரியுது தெரியுது. இன்னுங் கொஞ்சம் தூக்கி வீசுங்க."

வீசிக்கிட்டே நம்ம வீட்டைத் தேடினேன். தெரு முக்குல இருக்கற வேப்பமரம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் புதுசா எழும்பின கல்யாண மண்டபம், அதும் மேல நாலு தண்ணி டேங்க். எங்க மொட்டை மாடி அதுக்குப் பின்னாடி எங்கயோ.

"ஏம்புள்ள, நெசமாலுமே தெரியுதா?"

"அட, பளிச்சுன்னு தெரியுதுங்க!"

போனுக்குள்ள குக்கர் மூணாவது விசில் அடிச்சுது.