அறைக்கு வெளியே நின்ற செயலாளர்

டப்ளினில் பழைய அரசுக் கோப்புகளை ஸ்கேன் செய்து ஒவ்வொரு தாளுக்கும் விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டர் வேலைதான் என்று சொல்லி முடித்துக்கொள்வேன், விளக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் காபி போடட்டுமா என்று எழுந்துவிடுவார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வீர்களா என்று மட்டும் எல்லோரும் கேட்பார்கள். மாட்டோம். கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு தெரியாமல் தாளின் ஓரம் கிழிந்துவிடும், கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு தொட்டால் போதும். கையுறையெல்லாம் பழைய புகைப்படங்களைத் தொடும்போதுதான்.

இந்த வேலையில் நான் அதிகம் மூழ்கிக் கிடந்தது 1921 ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் காகிதங்களில். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனுக்கு எதிரான கொரில்லாப் போர் 1921 ஜூலை 11 அன்று ஓய்ந்தது, அக்டோபர் 11 அன்று லண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. ஐரிஷ் தரப்பில் ஆர்தர் கிரிஃபித், மைக்கேல் காலின்ஸ், ராபர்ட் பார்ட்டன், ஈமன் டக்கன், ஜார்ஜ் கவன் டஃபி என்று ஐந்து பேர். எதிரில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், சர்ச்சில், பர்க்கன்ஹெட், ஆஸ்டின் சேம்பர்லின் என்று அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஐரிஷ் தலைவர் டி வலேரா டப்ளினிலேயே இருந்துகொண்டார். டிசம்பர் 6 அதிகாலை இரண்டு மணிக்கு மேல் கையெழுத்தானது, அதை ஏற்பதா எதிர்ப்பதா என்று ஐரிஷ்காரர்களே இரண்டாகப் பிரிந்து, அடுத்த ஆண்டு ஜூனில் உள்நாட்டுப் போர் வெடித்தது.

கோப்பைத் திறந்தால் முதலில் தலையைச் சுற்ற வைப்பது 1921 அக்டோபர் 7 என்று தேதி போட்ட இரண்டு காகிதங்கள். ஒன்று நியமனப் பத்திரம்: அயர்லாந்தின் சார்பில் பேசவும் ஒப்பந்தத்தை முடிக்கவும் இந்த ஐவருக்கு அதிகாரம் உண்டு என்கிறது. இன்னொன்று அறிவுறுத்தல் தாள். அதன் முதல் பத்தி, நியமனப் பத்திரத்தில் சொன்ன முழு அதிகாரமும் உங்களுக்கு உண்டு என்கிறது. மூன்றாவது பத்தி, கையெழுத்துப் போடப்போகும் வரைவை முழுதாக டப்ளினுக்கு அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறது. அதே நாள், அதே தரப்பு, ஒரே தாளிலேயே இரண்டு வழி. பின்னாளில் 'அவர்கள் மீறிவிட்டார்கள்' என்றவர்களுக்கும் 'அவர்களுக்கு அதிகாரம் இருந்தது' என்றவர்களுக்கும் இதிலேயே ஆதாரம் கிடைத்தது. டி வலேரா வேண்டுமென்றே இடம் விட்டு எழுதினார் என்பது என் எண்ணம், ஆனால் அதை விவரக்குறிப்பில் எழுத முடியாது. எங்கள் குழுவின் மூத்தவர் அடிக்கடி சொல்வார்: தாளில் இருப்பதை எழுது, யார் சரி என்று எழுதாதே. சரி, அதனால் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அப்புறம் கட்டுக் கட்டாக கார்பன் காப்பிகள். பிரதிநிதிக்குழு தங்கியது ஹான்ஸ் பிளேஸ் 22-ஆம் எண் வீட்டில், காலின்ஸும் அவர் ஆட்களும் மட்டும் கடோகன் கார்டன்ஸ் 15-இல். கிரிஃபித் அநேகமாகத் தினமும் டி வலேராவுக்குக் கடிதம் எழுதினார், அன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார் என்று. மெல்லிய தாள், சில இடங்களில் எழுத்து ஊதா மங்கலாகிக் கிடக்கும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்தால்தான் ஸ்கேனரில் பிடிக்கும். தேதி இல்லாத தாளுக்கு முன்பின் தாள்களை வைத்துத் தேதி ஊகித்து சதுர அடைப்புக்குள் போடுவோம். ஒரு தாளில் அப்படிப் போடத் தயங்கினால் அன்று மதியம் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. முழுக்கூட்டங்களில் இரு தரப்புச் செயலாளர்களும் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள், பிரிட்டன் பக்கம் டாம் ஜோன்ஸ், லயனல் கர்ட்டிஸ், ஐரிஷ் பக்கம் எர்ஸ்கின் சில்டர்ஸ். இந்த சில்டர்ஸ் இங்கிலாந்தில் பிறந்தவர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையிலேயே குமாஸ்தாவாகப் பல ஆண்டு இருந்தவர். யார் என்ன வார்த்தை சொன்னார் என்று பதிவதே அவர் தொழிலாக இருந்தது. கிரிஃபித்துக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அக்டோபர் 24-க்குப் பிறகு முழுக்கூட்டமே இல்லாமல், இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், மூன்று மூன்று பேர் என்று சின்னக் கூட்டங்களாகிப்போனது, செயலாளர்களுக்கு உள்ளே இடமில்லை. அதிலிருந்து கோப்பின் தன்மையே மாறிவிடுகிறது. கூட்டக் குறிப்புக்குப் பதிலாக, கூட்டம் முடிந்து வந்தவர்கள் ஞாபகத்திலிருந்து எழுதியவை. எல்லாம் முடிவான வாரங்கள் அவை. ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதாக இருக்காது: 'நாம மட்டும் அஞ்சு நிமிஷம் பேசிக்கலாமே' என்று யாராவது சொன்னால் உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கும், மினிட்ஸில் ஒரு வரிகூட வராது.

இதன் விளைவு நவம்பர் 13-இல் தெரிகிறது. வடக்கு அயர்லாந்துக்கும் தெற்குக்கும் எல்லை வகுக்கப்போகும் எல்லை ஆணையம் பற்றிய ஒரு குறிப்பை டாம் ஜோன்ஸ் கிரிஃபித்திடம் காட்டுகிறார், அவர் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். சக பிரதிநிதிகளுக்கு அந்தத் தாளைப் பற்றி அவர் சொல்லவில்லை. டிசம்பர் 5 அன்று லாயிட் ஜார்ஜ் அதே தாளை எடுத்து ஆட்டியபோது பார்ட்டனும் காலின்ஸும் அது என்னவென்றே தெரியாமல் விழித்தார்கள்.

டிசம்பர் 3 டப்ளின் அமைச்சரவைக் கூட்டமும் இதே கதைதான். முந்தைய இரவு லண்டனிலிருந்து திரும்பக் கப்பலில் புறப்பட்ட பிரதிநிதிகளில் சிலர், அந்தக் கப்பல் ஒரு பாய்மரக் கப்பலில் மோதி உயிர்கள் போனதால் தாமதமாகி, தூங்காமல் நேராகக் கூட்டத்துக்கு வந்தவர்கள். நாடே சார்ந்திருந்த அந்தக் கூட்டத்துக்கு மிஞ்சியது சுருக்கக் குறிப்பு மட்டும். ஒப்பந்தத்தில் வரவேண்டிய, பிரிட்டிஷ் மன்னர் பற்றிய உறுதிமொழியில் டி வலேரா என்ன சொல்லில் ஒத்துக்கொண்டார் என்று அந்த மாதமே சண்டை பிடித்தார்கள்.

டிசம்பர் 5 மாலை லாயிட் ஜார்ஜ் இரண்டு கடிதங்களைக் காட்டி, எதை வடக்கு அயர்லாந்து அரசு இருந்த பெல்ஃபாஸ்டுக்கு அனுப்பட்டும் என்றார், சமாதானமா மூன்று நாளில் போரா. கடிதத்தைக் கொண்டுபோக லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் தயார், ஹோலிஹெட் துறைமுகத்தில் போர்க்கப்பல் தயார். அந்த மாலை ஐரிஷ் தரப்பில் அறைக்குள் இருந்தது கிரிஃபித், காலின்ஸ், பார்ட்டன் மூன்றே பேர். சில்டர்ஸ் வெளியே கூடத்தில். அவருடைய நாட்குறிப்பில் அந்த இரவு பற்றி இருப்பது, மாலை உடையில் பெரிய சுருட்டோடு, முதுகு வளைந்து, நீள நீளமாக அடிவைத்து நடந்துகொண்டிருந்த சர்ச்சில். தேர்ந்த பதிவாளருக்குப் பதிவு செய்யக் கிடைத்தது இவ்வளவுதான். கோபம்கூட வருகிறது எனக்கு.

கிரிஃபித் 1922 ஆகஸ்ட் 12-இல் இறந்தார், காலின்ஸ் பத்து நாள் கழித்து சுட்டுக்கொல்லப்பட்டார். ஒப்பந்தத்தை எதிர்த்த சில்டர்ஸை நவம்பர் 24-இல் புதிய ஐரிஷ் அரசே சுட்டது. அதனால் அந்த அறையைப் பற்றி விரிவாகச் சொல்ல பார்ட்டன்தான் மிஞ்சினார், 1975 வரை இருந்தார். ஒப்பந்தத்துக்கு வாக்களித்துவிட்டுப் பிறகு எதிர்ப்பக்கம் போனவர், சில்டர்ஸின் நெருங்கிய உறவினர், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஐரிஷ் நாடாளுமன்றத்தில் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக 64, எதிராக 57 என்று பிரிந்த அந்தப் பிளவு இன்றைக்கும் டீ இடைவேளையில் வரும், 'எங்க தாத்தா எந்தப் பக்கம்' என்று. நான் எந்தப் பக்கமும் இல்லாதவன் என்பதால் என்னிடம் தாராளமாகப் பேசுவார்கள்.

பார்ட்டனின் டிசம்பர் 5, 6 குறிப்புக்கு விவரம் எழுதும்போது குழுவில் ஒரு வாக்குவாதம். சிலர் 'கூட்டக் குறிப்பு' என்று போட்டால் போதும், தேடுபவர்களுக்கு எளிது என்றார்கள். 'ராபர்ட் பார்ட்டன் எழுதிய குறிப்பு, செயலாளர் எவரும் உடனில்லை' என்றுதான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நீளமாக இருக்கிறது என்று முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். இதைப் படிக்க நினைப்பவர்களுக்கு: ஐரிஷ் வெளியுறவு ஆவணங்களின் முதல் தொகுதி 1998-இல் வெளிவந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அக்டோபர் 7-இல் ஆரம்பியுங்கள், டிசம்பர் 6-க்கு நேராகத் தாவாதீர்கள்.