ஐம்பதடிப் பெண்ணும் அரை அங்குலக் கட்டமும்

மூன்று வாரமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு ராட்சசி நிற்கிறாள். 1958-இல் வந்த ‘அட்டாக் ஆஃப் த 50 ஃபுட் வுமன்’ படத்தின் போஸ்டர். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி ஊன்றி, ஒரு கையில் காரைத் தூக்கி வைத்திருப்பாளே, அவளேதான். வரைந்தவர் ரெனால்ட் பிரவுன். பழைய அறிவியல் புனைகதைப் பட போஸ்டர் என்றால் உயிரை விடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. எத்தனை முறை பார்த்தும் அலுக்காததால், ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அசல் அளவு 27-க்கு 41 அங்குலம். அந்தக் கால அமெரிக்கத் தியேட்டர் போஸ்டருக்கு அதுதான் வழக்கமான அளவு. என்னிடம் இருந்த மவுன்ட் போர்டுக்கு அது அடங்காது, பாதியாக்கினேன். கணக்கு தானாகவே அழகாக விழுந்தது: ஏ4 பிரிண்டில் 7 மில்லிமீட்டர் கட்டம், போர்டில் அரை அங்குலக் கட்டம். குறுக்கே 27, நெடுக்கே 41, மொத்தம் 1,107. நம்மூர் சினிமா பேனர் ஓவியர்கள் சின்னப் படத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கித்தான் அத்தனை பெரிய முகங்களைத் துணியில் ஏற்றினார்கள். அதே வித்தை, மேசை அளவில்.

பெண் நான்கே நாளில் முடிந்துவிட்டாள். தொல்லை கொடுத்தது போஸ்டர் கலர்தான். காய்ந்த பிறகும் ஈரப் பிரஷ் பட்டால் அடியில் இருக்கும் நிறம் கரைந்து மேலே வந்துவிடும். வெள்ளை உடைக்கு இரண்டாவது கோட் கொடுத்தபோது பக்கத்திலிருந்த தோல் நிறம் ஏறி, உடை டீ கொட்டின வேட்டி மாதிரி ஆனது. முழுக்கக் காயவிட்டு, தண்ணீர் குறைவாக, கெட்டியாக, ஒரே இழுப்பில் போட்டால் நிற்கிறது. தேய்த்தால் போச்சு.

அதற்குப் பிறகு சாலை, கார்கள். ஒவ்வொரு காரையும் ஆசை ஆசையாக, விளிம்பு பிசகாமல், பளிச்சென்று போட்டேன். தட்டு எடுத்து வைக்க வந்த அத்தை குனிந்து பார்த்தார். “ஏம்மா, நல்லாத்தான் இருக்கு. இந்தப் பொண்ணு என்ன, பசங்க பொம்மைக் காரை வச்சு விளையாடுதா?”

முகம் சுருங்கிப் போனது. ஆனால் அவர் சொன்னது சரி. என் படத்தில் ஐம்பதடிப் பெண் இல்லை. சாதாரண உயரத்தில் ஒருத்தி, அவள் காலடியில் பொம்மைகள்.

அளவில்தான் கோளாறு என்று நினைத்து ஸ்கேலை எடுத்தேன். ஒரு மனிதரின் கை, உயரத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. ஐம்பது அடி என்றால் கை ஐந்தரை அடி. அன்றைய பெரிய அமெரிக்கக் கார் 17 அடி நீளம், அதாவது மூன்று கை. போஸ்டரில் காருக்கு அவ்வளவு நீளமே இல்லை, கைக்கு அடக்கமாக இருக்கிறது. பிரவுன் தாராளமாகப் பொய் சொல்லியிருக்கிறார்! நான் நியாயவாதியாக வேறொரு தாளில் ‘சரியான’ அளவில் போட்டுப் பார்த்தேன். ராட்சசி காணாமல் போய், மெத்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஒருத்தி வந்து நின்றாள். கிழித்துப் போட்டுவிட்டுப் பழையபடி பிரவுனிடமே திரும்பினேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த மனுஷர் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் விமான நிறுவனத்தில், விமானத்தின் உள்பாகங்கள் தெரிய வெட்டிக் காட்டும் படங்கள் வரைந்தவர். அளவு தெரியாமல் செய்த தப்பாக இருக்காது. அவர் வரைந்த காரை நான் திரும்பப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: எல்லா விளிம்பும் கூர்மையாக இல்லை. புகை பாதியை விழுங்குகிறது. வண்டிக்கு அடியில் கனமான இருட்டு. பக்கத்தில் ஓடுகிற மனிதர்கள் வெறும் நாலைந்து தீற்றல். ஆனால் அந்தத் தீற்றல்தான் காரைக் காராக்குகிறது, கார் அவளை ஐம்பதடி ஆக்குகிறது.

இதில் வேடிக்கை, சினிமாவில் இந்தக் காட்சியே கிடையாது. கறுப்பு வெள்ளையில் 66 நிமிடப் படம். ராட்சசியாக அவள் வீட்டை விட்டு வெளியே வருவதே கடைசிப் பகுதியில்தான். மேம்பாலமும் இல்லை, கார் மோதல் குவியலும் இல்லை. இரண்டு காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிக்கும் இரட்டைப் பதிவில் எடுத்ததால் பல இடங்களில் அவள் உடம்பு வழியே பின்னால் இருப்பது தெரியும். அந்தக் கண்ணாடிப் பெண்ணுக்கு எலும்பும் சதையும் கொடுத்தது போஸ்டர்தான். படத்தைவிட போஸ்டரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

மடிப்புக் கோடுகளையும் போடலாமா என்று ஒரு சபலம் இருந்தது. அன்றைக்கு போஸ்டர்களை எட்டாக மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று என்று மடிப்பு விழுந்திருக்கும். சேகரிப்பவர்களுக்கு அந்தக் கோடு ஒரு அழகு. என் படத்தில் அது போலி வயசுதான். விட்டுவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: கார்களின் விளிம்பை ஈரப் பிரஷால் தொட்டுத் தொட்டுக் கரைத்தாயிற்று. முதல் வாரம் சாபமாக இருந்த அதே கரையும் குணம் இங்கே கைகொடுத்தது. புகை பாதி முடிந்திருக்கிறது. ஜீரோ நம்பர் பிரஷால் ஓடுகிறவர்களில் ஆறு பேரைப் போட்டேன். ஒருவன் மட்டும் ஓடாமல் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி வந்துவிட்டான். அத்தை அவனை அழிக்க வேண்டாம் என்கிறார்.