பின்கொல்லையில் வான்கோழிகள்

மார்ச் 23
வேலியோரம் பனி இன்னும் கரையவில்லை. காபிக்குப் பால் வைக்கும்போதே பைன் மரத்து உச்சியிலிருந்து கடகடவென்று ஒரு கூவல். இருட்டுப் பிரிந்ததும் ஒவ்வொன்றாகப் பொத்தென்று இறங்கின: ஐந்து பெட்டைகள், இரண்டு சேவல்கள். போன வருஷம் இதே வாரம் வந்தவை. இவற்றுக்காகத்தான் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன்.

ஏப்ரல் 2
ஜன்னலிலிருந்து பத்தடி தூரத்தில் ஆட்டம். பெரிய சேவல் உடம்பை உப்பி, வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனிகளைத் தரையில் இழுத்துக்கொண்டே அடிமேல் அடி வைத்தது. நெற்றி சுண்ணாம்பு வெள்ளை, கன்னம் நீலம், கழுத்துச் சதை ரத்தச் சிவப்பு. அலகின் மேல் சுருங்கிக் கிடந்த சதை நீண்டு ஒருபக்கமாகத் தொங்கிவிட்டது. நடுநடுவே அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல்.

அவை போனபின் இறங்கிப் பார்த்தேன். ஈரமண்ணில் மூவிரல் தடம். அதன் இருபுறமும் சீப்பால் கீறினாற்போல் கோடுகள். வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தேன்.

மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே! இந்த மாசசூசெட்ஸ் காட்டுச் சேவல் எந்த மயிலைக் கண்டது? ஆடுவது முழுக்கத் தன் சொந்த ஆட்டம்.

ஏப்ரல் 6
அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "இவ்வளவு ஆடுது, அந்தப் பெட்டைங்க நிமிந்துகூடப் பாக்கலியேடி" என்று வருத்தப்பட்டாள். பிறகு, "பின்னாடியே ஒண்ணு சேந்து ஆடுதே, அது யாரு, தம்பியா?"

அம்மா சொன்னது சரியாகவே இருக்கலாம். கலிபோர்னியாவில் இந்தச் சேவல்களின் மரபணுவைச் சோதித்து 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜோடியாக ஆடுபவை பெரும்பாலும் அண்ணன் தம்பிகள். இணைசேர்வது மூத்த நிலையில் உள்ளது மட்டுமே. மற்றதற்கு ஒரு குஞ்சுகூட இல்லை. ஆனால் கூட ஆள் இருப்பதால் அண்ணனுக்கு நிறையக் குஞ்சுகள், அவற்றில் தம்பியின் ரத்தமும் உண்டு. அன்றிலிருந்து என் கண் பின்னால் ஆடுவதன் மேலேயே இருக்கிறது.

ஏப்ரல் 17
கார்க் கதவில் தெரிந்த தன் நிழலைத் தம்பி கொத்திக்கொண்டிருந்தது. பழைய போர்வையால் மூடினேன்.

மே 4
இரண்டு நாளாக ஒரு பெட்டையைக் காணோம். இன்று வேலி மூலையில், போன வருஷச் சருகுக்கு நடுவே கண்டேன். பள்ளம் பறித்துப் படுத்திருக்கிறது. இரண்டடி தள்ளி நின்றால் சருகு எது, முதுகு எது என்று தெரியாது. இருபத்தெட்டு நாள் அடை. அந்த மூலையில் இனிப் புல் வெட்டப் போவதில்லை.

மே 19
விடாத மழை. அசையாமல் நனைந்துகொண்டு கிடக்கிறது. இந்த மாநிலத்தில் 1851-க்குப் பிறகு இந்த இனமே இல்லாமல் போயிருந்தது. 1972, 73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து பெர்க்‌ஷயர் மலைப்பக்கம் விட்டார்கள். அந்த முப்பத்தேழின் வழிவந்தது என் வேலியோரம் நனைகிறது என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ஜூன் 1
கூடு காலி. பதறிப்போய்க் குனிந்தேன். ஓடுகள் பருத்த முனையில் மூடி கழற்றினாற்போல் வட்டமாகத் திறந்திருந்தன. நரி தின்றிருந்தால் நொறுங்கிக் கிடக்கும். இது குஞ்சு உள்ளிருந்து கொத்தியது. பதினொன்று எண்ணினேன்.

சாயங்காலம் புல்லுக்குள் தாய் முன்னே போக, பின்னால் புல்நுனிகள் மட்டும் வரிசையாக அசைந்தன.